வால்வுக் கணினிக்கு வைத்தியம்

பழைய வால்வுக் கணினியை மறுபடி ஓட வைக்க வருபவர்களின் கை முதலில் போவது சுவிட்சுக்கு. தயவுசெய்து போடாதீர்கள்.

வால்வு என்னும் வெற்றிடக் குழாயின் ஹீட்டர் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் மின்னோட்டம் எகிறி இழை அறுந்துவிடலாம். ஏறத்தாழ 18,000 வால்வுகள் கொண்ட எனியாக் கணினியில் பழுதுகள் பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் வந்தன. அதனால் அதை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். தொலைபேசித் துறையில் வால்வுகளோடு பழகிய பொறியாளர் டாமி பிளவர்ஸுக்கும், அணைக்காமல் வைத்தால் வால்வு நீடிக்கும் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துணிச்சலில்தான் அவர் கொலோசஸ் கணினியைக் கட்டினார்.

உங்களால் இரவு பகலாக ஓட்ட முடியாது. அப்படியானால் ஹீட்டர் மின்னழுத்தத்தைச் சில நிமிடங்களில் படிப்படியாக ஏற்றுங்கள்; உயர் மின்னழுத்தம் அதன் பிறகுதான். அதற்கும் முன்னால், ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த மின்தேக்கிகளைத் தனியே சோதியுங்கள். ஒன்று கசிந்தாலும் மின்வழங்கி கருகிவிடலாம். தொடுவதற்கு முன் அவற்றில் தேங்கிய மின்சாரத்தை மின்தடை வழியாக வடித்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்; தனியாக ஒருபோதும் வேலை செய்யாதீர்கள்.

அடுத்தது, நான் மிகவும் மதிக்கும் முறை. எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே பாரஸ்டர் குழு வால்வு சாகும்வரை காத்திருக்கவில்லை. சோதனை நிரலை ஓடவிட்டு, மின்னழுத்தத்தை வேண்டுமென்றே மேலும் கீழும் நகர்த்தினார்கள். நலிந்த சுற்று அப்போதே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பராமரிப்பு நேரத்திலேயே மாற்றிவிடலாம். நீங்களும் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு ஏற்ற இறக்கம் தாங்குகிறது என்று வாராவாரம் குறித்து வையுங்கள். அந்த எண் சுருங்கிக்கொண்டே வந்தால் அங்கே நோய் இருக்கிறது.

நோய் வால்வில்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சாக்கெட்டில் துரு, பிடிப்பில்லாத ஈயப் பற்று என்று ஆயிரம் காரணம் இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். சந்தேகப்படும் வால்வை நன்றாக ஓடும் இடத்துக்கு மாற்றிப் போடுங்கள்; கோளாறும் கூடவே இடம் மாறினால்தான் குற்றம் வால்வுடையது.

"எதற்கு வம்பு, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். கூடாது. புதிய வால்வுகளில் குறையுள்ளவை முதல் சில மணிநேரங்களிலேயே போய்விடும். ஆண்டுக்கணக்கில் உழைத்து நிலைத்துவிட்ட வால்வை அதன் இடத்திலேயே விடுங்கள். மாற்றியே ஆக வேண்டிய இடத்துக்கு, வெளியே சோதனைப் பலகையில் சில நாள் எரியவிட்டுத் தேறியதைப் போடுங்கள்.