கிணறு தாங்கும் கூட்டம்

உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரைக்கும் புல்மோட்டை வீதியின் கடற்பக்கம் பெரிய பெரிய வீடுகள் எழும்புகின்றன. ஐந்து அறை, ஏழு அறை, நீச்சல் குளம், இருபத்தைந்து முப்பது பேர் ஒன்றாகத் தங்கும் வசதி. கொழும்புக் கந்தோர்க்காரர் பஸ் பிடித்து வருகிறார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் ஆடி ஆவணியில் பேரப்பிள்ளைகளோடு இங்கே வந்துதான் ஒன்றுகூடுகின்றன. எங்கள் திருமலைப் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் இறங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம். இதே கரையில் விருந்தினர் வீடுகளைப் பார்த்துப் பராமரித்து வயதானவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. காணி பார்க்கப் போனால் கடலைப் பிறகு பாருங்கள், முதலில் உறுதியைப் பாருங்கள். 1983 கலவரத்திலும் 1990 போரிலும் இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு ஓடின. பலர் இன்னும் திரும்பவில்லை. வளவு பற்றையேறிக் கிடப்பதால் அது ஆளில்லாக் காணி ஆகிவிடாது. முன்னுறுதி யாருடையது, அங்கே குடியிருந்தவர் யார், அவருடைய பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் விசாரியுங்கள். கிராம சேவையாளரைக் கேளுங்கள். வன இலாகாவின் எல்லையோ தொல்பொருள் திணைக்களத்தின் எல்லையோ உள்ளே வருகிறதா என்று நில அளவையாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். விலை மலிவாக இருக்கிறதென்று அவசரப்படாதீர்கள். இந்தக் கரையில் மலிவுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

2. அனுமதிகள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச சபையின் கட்டிட அனுமதி வேறு, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.

3. எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்குப் பார்க்க முதல், எத்தனை பேரைக் கிணறு தாங்கும் என்று பாருங்கள். நான் சொல்ல வந்ததில் பெரியது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மணலுக்குக் கீழே நிற்கும் நல்ல தண்ணீர் மாரி மழை விட்டுப்போன தண்ணீர். அது எடை குறைவானபடியால் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பெரிய மோட்டரைப் போட்டு மேலே ஓர் அடியை இறக்கினால், கீழேயிருந்து உவர் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். ஒருமுறை ஏறிய உவர் அடுத்த மாரி முழுக்கப் பெய்தாலும் லேசில் இறங்காது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. எங்களுக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். விருந்தினர் வருவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும். ஆவணியில் கிணறு அடியில் கிடக்கும் நேரத்தில்தான் வீடு நிரம்பி வழியும். ஆளுக்கு 200 லீற்றர் என்று வைத்தாலும் 30 பேருக்கு நாளுக்கு 6,000 லீற்றர். கடலில் குளித்துவிட்டு வந்து ஒவ்வொருவரும் மணல் போக முழுகுவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

ஆழமான ஒரு குழாய்க் கிணற்றை விட, தள்ளித் தள்ளி ஆழமில்லாத இரண்டு கிணறு நல்லது. சின்ன மோட்டர் போட்டு, கொஞ்ச நேரம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைத்துத் தாங்கியை நிரப்புங்கள். கூரைத் தண்ணீரைச் சேர்க்க நிலத்தடித் தொட்டி ஒன்றைக் கட்டும்போதே கட்டிவிடுங்கள். நீச்சல் குளம் வேண்டுமென்றால் அதை ஆனியில் கிணற்றிலிருந்து நிரப்பக் கூடாது. பவுசரில் தண்ணீர் எடுக்க வசதி இல்லாவிட்டால் குளத்தை விட்டுவிடுங்கள், எதிரே கடல் இருக்கிறது.

பக்கத்து வளவையும் நினையுங்கள். உங்கள் கிணறு உவர்த்தால் பவுசர் வாங்க உங்களிடம் காசு இருக்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறவரிடம் அது இருக்காது. மாதம் ஒருமுறை அவருடைய கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

4. உள்ளே போன 6,000 லீற்றரும் வெளியே வரும். நாலு பேர் குடியிருக்கும் வீட்டுக்கு வெட்டுகிற மலசலகூடக் குழியை முப்பது பேர் வீட்டுக்கு வெட்டினால் மூன்றாம் நாள் வளவே நாறும். மணலில் கழிவு வேகமாக ஓடும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி விடுங்கள். அயலவர் கிணற்றுக்கும் அதே 50 அடி. குளிக்கும் தண்ணீரை வேறாகப் பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள்.

5. தெற்கில் பார்த்த வீட்டை இங்கே கொண்டுவந்து கட்டாதீர்கள். பெந்தோட்டையிலும் காலியிலும் வைகாசியில் காற்று கடலிலிருந்து ஈரமாக வருகிறது. அதே காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி, காடு கடந்து எங்களிடம் வரும்போது கச்சான் ஆகிவிடுகிறது. எங்களுக்கு அது பின்பக்கத்தால் வரும் காற்று. கடலைப் பார்த்துக் கண்ணாடியும் மேற்கே மொட்டைச் சுவரும் வைத்த வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். ஏழு அறைக்கும் ஏசி இரவு பகலாக ஓடும், மின்சாரக் கட்டணம் லாபத்தைக் கொண்டுபோகும். மேற்குப் பக்கம் வேம்பும் பூவரசும் நடுங்கள், வீடு கட்டத் தொடங்கும் நாளிலேயே நடுங்கள். அந்தப் பக்கம் அகலமான விறாந்தையும் குசினியும் களஞ்சிய அறையும் வரட்டும். படுக்கை அறைகள் வெயில் படாமல் உள்ளே நிற்கட்டும்.

கூட்டமாக வருகிறவர்கள் அறைக்குள் இருக்க வருவதில்லை. வெலிகமைக் கரைக்கு எதிரே தப்ரபேன் தீவில் கவுன்ட் டி மொனி என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் கட்டிய வீட்டை இன்றும் கூட்டமாகத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார்கள். நடுவில் ஒரு எண்கோண மண்டபம், அதைச் சுற்றித்தான் அறைகள். எங்கள் நாற்சார் வீடும் இதே அறிவில் கட்டியதுதான். நடு முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, எந்த அறைக் கதவைத் திறந்தாலும் சனம் இருக்கும் இடம். ஆச்சி சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எல்லாப் பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம். நிலாவெளியில் அப்படி ஒரு வீடு கட்டுங்கள், திரும்பத் திரும்ப வருவார்கள்.

6. கரையில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் தாழையையும் வெட்டாதீர்கள். கடல் தெரியவில்லை என்று மணல்மேட்டைப் புல்டோசர் வைத்து மட்டப்படுத்துகிறவர்களைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன். யாலப் பக்கம் காட்சிக்காக மணல்மேட்டை அகற்றிய விடுதி ஒன்று 2004 கடற்கோளில் அழிந்துபோனதை ஆராய வந்த விஞ்ஞானிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டை நாலு படி உயர்த்துங்கள். கரைக்குப் போக, கொடிக்கு மேலாக ஒடுங்கிய மரப்பாதை ஒன்று போதும்.

7. வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடற்கரை உங்களுடையது இல்லை. அதில் கரைவலைப்பாடு இருக்கலாம். பாடு என்பது சும்மா வழக்கம் இல்லை, கடற்றொழில் திணைக்களத்தின் பதிவோடு தலைமுறையாக வரும் உரிமை. கட்டுவதற்கு முன்பே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி யார் என்று விசாரித்து, வீடு தேடிப் போய்ப் பேசுங்கள். வேலி கடலை நோக்கி நீளக் கூடாது, கதிரையும் குடையும் பாட்டுக்குள் நிற்கக் கூடாது.

விடியற்காலையில் ஒருநாள் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு தலைப்பும் கரையில் வெகு தூரம் தள்ளித் தள்ளி நிற்கும். ஆட்கள் இடுப்பில் பட்டியை மாட்டி, குதிக்காலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். வலை கிட்ட வர வர இரண்டு பக்கத்தாரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். அந்த நீளம் முழுவதும் கரை வெறுமையாக இருக்க வேண்டும். மடி ஏறும்போது சூடையும் கீரியும் வெள்ளியாகத் துடிக்கும், நடுவில் ஒரு கணவாய் மையைப் பீச்சும், பறவைகள் தலைக்கு மேலே வட்டமிடும். லண்டனில் பிறந்த பிள்ளை இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்கு வேறு கதை கதைக்காது. சம்மாட்டியிடம் முதலே கேட்டுவிட்டு, பிள்ளைகளையும் கயிற்றில் கை வைக்க விடுங்கள். அன்றைய கறிக்கு மீனை அங்கேயே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். பேரம் பேச அது இடமில்லை.

8. குசினி. 30 பேருக்கு ஒருவேளைச் சோற்றுக்கு நாலு கிலோ அரிசி போகும். வீட்டு அடுப்பில் அது வேகாது. வெளியே ஓட்டுக் கூரையின் கீழ் பெரிய அடுப்பு இரண்டு கட்டுங்கள். கோணேசர் கோயிலுக்கு விரதத்தோடு வருகிறவர்களுக்குச் சைவச் சட்டி பானை வேறாக, அடையாளம் போட்டு, வேறு அலுமாரியில் இருக்கட்டும். முஸ்லிம் குடும்பங்கள் வரும்போது ஹலால் இறைச்சியை எங்கே வாங்கினீர்கள் என்று அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். மூன்று இனத்தாரும் வரும் கரை இது. ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும் இடைவெளியில் குசினியைக் கழுவுகிற கழுவலில்தான் உங்கள் பெயர் நிற்கும்.

9. கூட்டமாக வரும்போது கடல் கூடுதல் ஆபத்து. பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால் பிள்ளையை மற்றவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். வந்த முதல் நாளே வீட்டாரைக் கூட்டி, மணிக்கு ஒருவர் என்று பெயர் எழுதி, அவர் கையில் விசிலைக் கொடுங்கள். உள்ளுக்கு இழுக்கும் ஓட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி நேரே நீந்தாமல் கரையோடு பக்கவாட்டில் நீந்தச் சொல்லிக் கொடுங்கள். இரவிலும் குடித்த பிறகும் கடலில் இறங்க விடாதீர்கள். முகம் கோணினாலும் பரவாயில்லை.

புறாமலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவான தீவு அது. முப்பது பேரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, காலையிலேயே அனுப்புங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் ஏற்றாதீர்கள். முருகைக்கல்லில் கால் வைத்தால் அது சாகும் என்பதைப் புறப்படுமுன் சொல்லி அனுப்புங்கள்.

10. உப்பு எல்லாவற்றையும் தின்னும். கழுவாத கடல் மணலைச் சீமெந்தில் கலக்க ஒருபோதும் விடாதீர்கள், உள்ளே கம்பி துருவேறிக் கொங்கிறீற் வெடிக்கும். பூட்டும் பிணைச்சலும் பித்தளையில் வாங்குங்கள்.

11. கடற்கோள் வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். நிலாவெளி விடுதிகளில் சனம் நிறைந்திருந்த காலை. இங்கே முன்னால் கடல், பல இடங்களில் பின்னால் களப்பு. எந்தப் பாதையால் மேட்டுக்குப் போவது என்பதை ஊர் தெரியாத விருந்தினர் கண்டுபிடிக்க முடியாது. பாதையை நீங்கள் நடந்து பார்த்து, படம் கீறி, ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டுங்கள். இரவில் எழுப்புவதற்குக் கை மணி ஒன்று வைத்திருங்கள், மின்சாரத்தை நம்ப முடியாது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருமலைக்கு வடக்கே இந்தக் கரையில்தான் ஏறியது. கார்த்திகை மார்கழியில் முற்பதிவு எடுத்தால், புயல் எச்சரிக்கை வந்தால் முழுக் காசும் திருப்பித் தரப்படும் என்று முதலே எழுதிக் கொடுங்கள். காசை இழக்கும் பயத்தில் யாரும் வந்து நிற்கக் கூடாது.

12. கடைசியாக, வேலை செய்கிறவர்கள். சமைக்கிற அக்கா, கூட்டுகிற பிள்ளை, காவலுக்கு நிற்கும் ஐயா எல்லோரும் இந்த ஊர்ச் சனம். இரவுச் சாப்பாடு முடியப் பத்து மணி ஆனால் பெண்களை நம்பிக்கையான ஓட்டோவில் வீட்டு வாசல் வரை அனுப்பி வையுங்கள், அந்தக் காசு உங்கள் செலவு. மாரியில் வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களுக்கும் ஒரு சம்பளம் பேசி எழுத்தில் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களுடைய 8 வீதமும் உங்களுடைய 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு உங்களுடைய 3 வீதமும் மாதா மாதம் கட்டுங்கள். கட்டிய பற்றுச்சீட்டை அவர்கள் கேட்காமலே காட்டுங்கள்.