தில்லையாடி வள்ளியம்மை காட்டிய அறவழி



போர் என்றவுடன் வாளும் வேலும் துப்பாக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், படைக்கருவி எதனையும் ஏந்தாமல் நடத்தப்பெற்ற போர்களும் வரலாற்றில் உள. அத்தகைய அறப்போர் ஒன்றில் பங்கு கொண்டு, பதினாறு வயதிலேயே உயிர் நீத்த தமிழ்ப் பெண் தில்லையாடி வள்ளியம்மை. அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது எனக் காண்போம்.

பிறப்பும் சூழலும்

மலாயாவின் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்ததைப் போலவே, தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் 1860ஆம் ஆண்டு முதல் தமிழர் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். பின்னர் வணிகரும் அங்குக் குடியேறினர். ஜோகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்த முனுசாமி என்பாரின் மகளாக வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22ஆம் நாள் பிறந்தார். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியோடு அவர் குடும்பத்துக்கு இருந்த தொடர்பால், அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு இணைந்தது.

அறப்போரின் காரணம்

ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தாயகம் திரும்பாமல் நாட்டாலில் தங்கிய தொழிலாளர், ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. பின்னர், அவர்தம் பிள்ளைகளுள் 16 வயதான ஆண்களும் 13 வயதான பெண்களும்கூட அவ்வரியைச் செலுத்த வேண்டும் என ஆணை பிறந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது தாங்கொணாச் சுமையாயிற்று.

1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மற்றோர் இடியும் விழுந்தது. கிறித்துவ முறைப்படி நடந்து, பதிவு செய்யப்பெற்ற திருமணங்களே செல்லும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுங்காலம் இல்லறம் நடத்திய இந்து, இசுலாமியப் பெண்களும் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர் என்னும் இழிநிலை ஏற்பட்டது. இதனைப் பொறாத பெண்கள், காந்தியடிகள் நடத்திய அறப்போரில் தாமும் களம் புகுந்தனர்.

எல்லை கடந்த பெண்கள்

நாட்டாலுக்கும் டிரான்சுவாலுக்கும் இடையேயிருந்த எல்லையை அனுமதிச் சீட்டின்றிக் கடப்பது அன்று குற்றமாக இருந்தது. பெண்கள் அதனை வெளிப்படையாகவே கடந்தனர். நியூகாசில் நகரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். 1913 நவம்பர் 6ஆம் நாள் 2,000க்கும் மேற்பட்டோர் காந்தியடிகளுடன் எல்லை நோக்கி நடந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் வள்ளியம்மையும் சிறை புகுந்தார். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. சிறையில் கண்ட கடுங்காய்ச்சல் அவர் உடலை உருக்குலைத்தது. விடுதலைக்குப் பின் படுக்கையில் கிடந்த அவரைக் காண வந்த காந்தியடிகள், சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என வினவினார். வருந்தவில்லை என்றும், மீண்டும் சிறை செல்லவும் ஆயத்தமே என்றும் அவர் விடையிறுத்தார். இறக்க நேரினும் அஞ்சேன் என்றார். 1914 பிப்ரவரி 22ஆம் நாள், தாம் பிறந்த நாளன்றே அவர் உயிர் பிரிந்தது.

பகை பாராட்டாமை

இவ்வறப்போரில் நாம் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. 1914 ஜனவரியில் வெள்ளையரான இரயில்வே ஊழியர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் திணறியது. எதிரி தளர்ந்திருக்கும் வேளையே தாக்குவதற்கு ஏற்றது என்பது போர் முறை. காந்தியடிகளோ தாம் திட்டமிட்டிருந்த நடைப்பயணத்தை ஒத்திவைத்தார். எதிரியின் துன்பத்தைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. அநீதியை எதிர்த்தாரேயன்றி, அதனைச் செய்தவரை அழிக்க எண்ணினாரல்லர்.

அதே ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தால் 3 பவுன் வரி ஒழிந்தது, திருமணங்களும் ஏற்கப்பட்டன. எனினும், தென்னாப்பிரிக்காவில் நிறவேற்றுமை அன்றே மறைந்துவிடவில்லை. எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் 1994ஆம் ஆண்டில்தான் நடைபெற்றது. அறவழி சில வேளைகளில் நெடுவழியாகவும் இருக்கும் என்பதை இதனால் அறிகின்றோம்.

நாம் கற்க வேண்டியது

மாணவர்களே! அமைதி என்பது வாய்மூடி இருத்தல் அன்று. வகுப்பில் ஒரு மாணவனை அவனுடைய நிறத்தையோ வறுமையையோ சொல்லிச் சிலர் எள்ளி நகையாடுகின்றனர் எனக் கொள்வோம். அதனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது அச்சம். நகைத்தவரை அடிப்பது சினம். எள்ளப்பட்டவன் அருகில் சென்று நின்று, "இது தவறு" என அஞ்சாமல் கூறுவதே அறம். அதனால் நண்பர் சிலர் நம்மை விட்டு விலகலாம். அத்துன்பத்தையும் தாங்கிக்கொண்டு, அவர்களிடம் பகை பாராட்டாது இருத்தல் வேண்டும்.

"இன்னா செய்யாமை" என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். உம்மைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண் அந்நெறியில் நின்று காட்டினார். அந்நெறியைப் போற்றி, நாமும் அதன்வழி ஒழுகுவோமாக!