ஈராமும் சாலொமோனும்: இரண்டு தேசங்களின் சிநேகம்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 5, 9, 12 ஆம் அதிகாரங்கள்



சாலொமோன் கட்டின ஆலயத்தைப் பற்றிப் பேசும்போது பொன்னையும் கேருபீன்களையும் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அந்த மரமெல்லாம் எங்கேயிருந்து வந்தது, அதற்குப் பதிலாக என்ன போனது, அதை யார் சுமந்தார்கள் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம்பேர்தான். இந்த மாதம் அதைத் தியானிப்போம்.

தீரு என்பது கடலுக்குள் ஒரு சின்னத் தீவின்மேல் இருந்த பட்டணம். இன்றைக்கு அது லெபனான் தேசத்தின் தென்பகுதியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் மலையும் கேதுருக் காடும் உண்டு. விதைக்கிறதற்கு நிலம் ரொம்பக் கொஞ்சம். ஆனால் அந்த ஜனங்கள் கப்பல் ஓட்டுகிறதில் கெட்டிக்காரர்கள். இஸ்ரவேலிலோ கோதுமையும் ஒலிவ எண்ணெயும் உண்டு. உயரமான மரமும் இல்லை, கடல் பழக்கமும் இல்லை. ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடத்தில் இருந்தது. சிநேகம் அங்கேதான் வேர்விட்டது.

அது சாலொமோன் நாளில் தொடங்கினதல்ல. தாவீதுக்கு வீடு கட்ட மரத்தையும் தச்சரையும் அனுப்பினவன் இந்த ஈராம்தான் (2 சாமு. 5:11). தாவீது மரித்து மகன் ராஜாவானான் என்று கேட்டவுடனே ஈராம்தான் முதலில் ஆள் அனுப்புகிறான். அப்பாவோடு இருந்த சிநேகத்தை மகனிடத்திலும் காப்பாற்றுகிறவனை நாம் எத்தனைபேரைப் பார்க்கிறோம்? இருவருக்கும் நடுவே போன கடிதங்களின் நகல்கள் தம்முடைய காலத்திலும் தீருவின் பதிவேடுகளில் இருந்ததாக, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத சரித்திராசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

ஒப்பந்தத்தைப் பாருங்கள். மரங்களைத் தெப்பங்களாகக் கட்டி, கடல்வழியாய் யோப்பாவுக்குக் கொண்டுவருவது ஈராமின் ஆட்கள் வேலை. அங்கிருந்து எருசலேமுக்கு மலைமேல் ஏற்றுவது இஸ்ரவேலின் வேலை. அதற்குப் பதிலாக வருஷந்தோறும் 20,000 மரக்கால் கோதுமை. நம்ம ஊர் மரக்கால் என்று நினைத்துவிடாதீங்க! எபிரெயத்தில் அது ‘கோர்’ என்னும் அளவு. ஒரு கோர் ஏறக்குறைய 200 லிட்டர். கணக்குப் போட்டால் 3,000 டன் வரும். பத்து டன் லாரியில் ஏற்றினால் 300 லாரி, அதுவும் ஒவ்வொரு வருஷமும்.

பொருள் மட்டுமா? வெண்கல வேலை செய்யவந்த கைவினைஞன் பேரும் ஈராம்தான். அவன் அப்பா தீரு ஊரான். அம்மா நப்தலி கோத்திரத்து விதவை. இரண்டு தேசமும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தது. ஆலயத்தின் முன்னே நின்ற இரண்டு வெண்கலத் தூண்களும் அவன் கைவேலை.

பிற்பாடு செங்கடல் கரையில் எசியோன்கேபேரில் சாலொமோன் கப்பல்களைக் கட்டினபோது, கடலை அறிந்த ஆட்களை ஈராம் அனுப்பினான். ஓப்பீரிலிருந்து 420 தாலந்து பொன் வந்தது. தர்ஷீஸ் கப்பல்களில் மயிலும் வந்ததே, அந்த ‘துக்கி’ என்ற எபிரெயச் சொல் நம்முடைய ‘தோகை’தான் என்று கால்டுவெல் ஐயர் எழுதினார். எல்லா அறிஞரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கேட்க நமக்குச் சந்தோஷம்தான்.

இந்தச் சிநேகத்தில் மனக்கசப்பும் வந்தது. இருபது வருஷம் கட்டுமான வேலை முடிந்தபின்பு சாலொமோன் கலிலேயாவில் 20 பட்டணங்களை ஈராமுக்குக் கொடுத்தான். ஈராம் வந்து பார்த்தான், பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நேராகவே கேட்டான். ஆனால் கேட்கும்போதும் சகோதரனே என்றுதான் கூப்பிட்டான் (9:13). கப்பலாட்கள் அனுப்புகிறதையும் நிறுத்தவில்லை. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உறவையும் வைத்துக்கொண்டான் பாருங்கள், அதற்காகவே எனக்கு ஈராமை ரொம்பப் பிடிக்கும்.

இனிமேல்தான் கவனிக்கவேண்டியது. லீபனோனில் மரம் வெட்டப் போனவர்கள் யார்? இஸ்ரவேலில் 30,000 அமஞ்சி ஆட்கள். மாதம் 10,000 பேர் வீதம், ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். அப்படியானால் ஒருவனுக்கு வருஷத்தில் நாலு மாதம் வீடு இல்லை. அறுப்பு நாளில் முறை வந்தால் வயலை யார் பார்க்கிறது? கோதுமை கொடுத்த தேசமும் அதுதான், ஆளைக் கொடுத்த தேசமும் அதுதான். இதற்கு மேலே, தேசத்தில் குடியிருந்த அந்நியர் 1,53,600 பேர் சுமை சுமக்கவும் கல் வெட்டவும் அவர்களை மேய்க்கவும் வைக்கப்பட்டார்கள் (2 நாளா. 2:17, 18).

சாலொமோன் மரித்தவுடனே ஜனங்கள் சீகேமிலே கூடி, அவன் மகன் ரெகொபெயாமிடத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: உம்முடைய தகப்பன் வைத்த பாரத்தைக் குறைத்துவிடும். அவன் குறைக்கவில்லை. சமாதானம்பண்ண அவன் அனுப்பின ஆள் யார் தெரியுமா? பகுதி விசாரிப்புக்காரன் ஆதோராம். அமஞ்சி ஆட்களுக்குத் தலைவனாயிருந்த அதோனீராமும் இவனும் ஒருவனே என்றுதான் வேதபண்டிதர் பலர் சொல்லுகிறார்கள். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். பத்துக் கோத்திரம் பிரிந்துபோயிற்று. கடலுக்கு அக்கரையான் மாதிரி இருந்த ஈராமோடு கடைசிவரை சமாதானம். சொந்த வீட்டில் சமாதானம் போயிற்று.

உடன்படிக்கை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வேதமும் அதைச் சமாதானம் என்றே எழுதுகிறது (5:12). அந்தச் சகோதர உடன்படிக்கையைத் தீரு மறந்ததற்காகப் பிற்பாடு ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்தும் பேசுகிறார் (ஆமோஸ் 1:9). அவ்வளவு விலையேறப்பெற்றதாய் அது எண்ணப்பட்டது. ஆனால் இரண்டு ராஜாக்கள் கைகொடுக்கிறதைப் படிக்கிறபோது, மரத்தடியில் தோள் கொடுத்து நிற்கிறவனையும் சேர்த்துப் படியுங்கள்.

வருகிற வெள்ளி உபவாசக்கூட்டத்துக்கு முன்பாக அப்போஸ்தலர் 12:20ஐ வாசித்துவிட்டு வாருங்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் தீரு ஜனங்கள் எந்தத் தேசத்துச் சாப்பாட்டை நம்பி இருந்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது.