முதலில் ஆடுபுலி ஆட்டம்
கேம் செய்யக் கற்கும் தம்பி தங்கைகளுக்குச் சில அறிவுரைகள்

மதுரை திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கழுத்தில் கல்லூரி அட்டை தொங்க யாராவது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும். "அண்ணே, கேம் பண்ணக் கத்துக்கணும். எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும். பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் 2001இல் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். கேமுக்கென்று ஒரு பாடமும் கிடையாது. டர்போ சி நீலத் திரையில் புரோகிராம் எழுதி, பிரெசன்ஹாம் முறைப்படி கோடும் வட்டமும் வரைவதுதான் கிராஃபிக்ஸ் லேப். ஒருநாள் ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்தபின், வரைந்த வட்டத்தை நகர வைத்தேன். கீழே ஒரு கட்டையை வரைந்து அதில் மோத வைத்தேன். பந்து திரும்பி மேலே போனது. பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவன் என் கையைத் தள்ளிவிட்டு, "இரு, நான் ஆடுறேன்" என்றான். அன்றைக்குப் பிடித்தது, இருபது வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த வருடங்கள் கற்றுத் தந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் கேமாக ஆடுபுலி ஆட்டம் செய்.

என் அப்பத்தா திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடியது. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு வெட்டு. புலிகள் மூன்றையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல என்ன வேண்டும் என்று யோசி. ஒவ்வொரு புள்ளியையும் ஒட்டிய புள்ளிகள் எவை என்று ஒரு பட்டியல். எதைத் தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்று இன்னொரு பட்டியல். யாருடைய முறை, இது இறக்கும் கட்டமா நகர்த்தும் கட்டமா என்ற நினைவு. ஒவ்வொரு காய் வைத்த பிறகும் ஆட்டம் முடிந்ததா என்ற சோதனை. டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் கிராஃப் என்று நடத்துகிறார்களே, அது இதுதான். படம் எதுவும் வேண்டாம், வட்டமும் கோடும் போதும். ஒரே திரையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட முடிந்தால் நீ ஒரு கேம் செய்துவிட்டாய். அதற்குப் பிறகு புலியைக் கம்ப்யூட்டர் கையில் கொடுத்துப் பார்.

பிறகு எண்ணை மாற்று. 15க்குப் பதில் 12 ஆடு வைத்தால் என்ன ஆகிறது? 18 வைத்தால்? எந்த எண்ணில் இருவருக்கும் பயமும் நம்பிக்கையும் சமமாக இருக்கிறது? கேம் டிசைன் என்று பெரிய புத்தகங்கள் பேசுவதன் அடிப்படை அந்தத் திண்ணையிலேயே இருக்கிறது. அப்பத்தா எப்போதும் ஆட்டைத்தான் எடுக்கும். "பொறுத்து இறக்குனாத்தேன் அடைக்க முடியும்" என்று சொல்லும்.

2. பெரிய கனவை நோட்டில் எழுதி வை. செமஸ்டருக்கு ஒரு சின்ன கேமை முடி.

இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர், பாண்டியர் கால மதுரையை முழுதாகச் செய்யப் போகிறோம் என்று கிளம்பினோம். வீதிகள், சந்தை, குதிரைப் படை எல்லாம் திட்டத்தில் இருந்தன. ரிவ்யூ அன்று எங்களால் காட்ட முடிந்தது ஒரு கோபுரமும், அதைச் சுற்றி நடக்கும் ஓர் ஆளும். அவனுக்கு அங்கே செய்ய எந்த வேலையும் இல்லை. எங்கள் உழைப்பில் குறை கிடையாது. நான்கு பேரும் ராத்திரி தூங்காமல் வேலை பார்த்தோம். எடுத்துக்கொண்ட அளவு தப்பு.

அமெரிக்காவில் டிஜிபென் என்ற கல்லூரியின் மாணவர்கள் 2005இல் 'நார்பாகுலர் டிராப்' என்று ஒரு புராஜெக்ட் செய்தார்கள். அதில் யோசனை ஒன்றே ஒன்று: சுவரில் இங்கொரு வாசல் திற, அங்கொரு வாசல் திற, இதில் நுழைந்தால் அதில் வெளியே வருவாய். வால்வ் நிறுவனம் அந்த மாணவர்களையே வேலைக்கு எடுத்தது. அந்த ஒற்றை யோசனை 2007இல் 'போர்ட்டல்' என்ற கேமாக உலகம் முழுதும் போனது.

நம் மொழிக்காரர்கள் செய்ததையும் பார். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பில் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கும். விட்டுப்போனதை நாமே ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். 2024இல் அதற்கு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. சின்னதாக எடுத்துக்கொண்டு, ஒரு மூலையையும் விடாமல் செய்தார்கள்.

3. ஒரு தடவை விளாச்சேரிக்குப் போய் வா.

மண் பொம்மை செய்கிற ஊர், நம் ஏரியாவிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரிக் கொலு, கிறிஸ்துமஸ் குடில் என்று அந்தந்தப் பண்டிகைக்கு முன்னால் பொம்மை வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். நவராத்திரி முடிந்த மறுநாள் எத்தனை அழகான கொலு பொம்மை வந்தாலும் வாங்க ஆள் வராது. அதனால் பொம்மை செய்கிறவர்கள் ஒரே பொம்மையை வருடம் முழுக்கத் தீட்டிக்கொண்டு இருப்பதில்லை. இந்த வருடத்துக்கு இது போதும் என்று நிறுத்தி, அடுத்ததை எடுக்கிறார்கள். உனக்கும் ஒரு தேதி வை. ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்றவற்றில் சேர். 2009இலிருந்து நடக்கிறது, தரும் தலைப்பை வைத்து இரண்டு மூன்று நாளில் ஒரு கேமைச் செய்து காட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று அங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது.

4. எந்த கேம் என்ஜின் நல்லது என்ற சண்டையில் வருடத்தைத் தொலைக்காதே.

லேப்டாப்பின் திறன் குறைவு என்றால் கோடோட் போதும். இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நிறுவனங்களில் யூனிட்டியும் அன்ரியலும் அதிகம் கேட்பார்கள். மூன்றில் ஒன்றை எடுத்து, அதில் மூன்று கேம் முடிக்கும்வரை மாற்றாதே. ஒரு நிறுவனத்தின் விலையை மட்டும் நம்பியும் இருக்காதே. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வசூலிப்போம் என்று அறிவித்தபோது சின்னக் குழுக்கள் பல கலங்கிப்போயின. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டார்கள். உன் அறிவு என்ஜினின் பட்டன்களில் மட்டும் இருந்தால் அப்படியொரு நாளில் கை உடைந்தது போல ஆகிவிடும்.

5. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போடாதே.

வெக்டர் பாடத்தை மார்க்குக்காகப் படித்தோம். கேமில் அதுதான் கை கொடுக்கும். ஒரு காவலாளி முன்னால் பார்த்து நிற்கிறான். திருடன் அவன் பார்வைக்குள் வந்தானா என்று கேட்டால் பதில் டாட் புராடக்ட். காவலாளி பார்க்கும் திசைக்கும் அவனிடமிருந்து திருடன் இருக்கும் திசைக்கும் போட்டுப் பார். விடை நேர்மறை என்றால் முன்னால் இருக்கிறான், எதிர்மறை என்றால் முதுகுப்பக்கம் இருக்கிறான். ஒரு வரிக் கணக்கு அது.

இன்னொன்று, நகர்வை ஃபிரேமை நம்பி எழுதாதே, நேரத்தை நம்பி எழுது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லி நொடி. ஃபிரேமுக்கு ஓர் அடி என்று எழுதினால், வேகமான லேப் கம்ப்யூட்டரில் பறக்கிற உன் ஆள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் நொண்டுவான். போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ அதை வேகத்தோடு பெருக்கு. இரண்டிலும் ஒரே நடை நடப்பான்.

6. அன்றன்றைய வேலையை அன்றன்றைக்கே வேறோர் இடத்திலும் வை.

எங்கள் அந்த மதுரை புராஜெக்ட் முழுவதும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் முன்னால் அது நின்றுவிட்டது. மூன்று வாரப் பழைய சிடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அன்று என் நண்பன் லேப் படிக்கட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) இருக்கிறது, இலவசமாக வைத்துக்கொள்ள இணையத்தில் இடம் இருக்கிறது. முதல் நாளே கற்றுக்கொள். என்ன மாற்றினாய் என்று ஒவ்வொரு தடவையும் தமிழிலாவது ஒரு வரி எழுது.

7. ஆடக் கொடு, கொடுத்தபின் வாயைத் திறக்காதே.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். என் முதல் ஃபோன் கேமைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் திரையின் மூலையில் இருந்த தங்கக் காசையே திரும்பத் திரும்பத் தொட்டார். அது எத்தனை காசு சேர்ந்தது என்று காட்டுகிற படம். ஆனால் பளபளவென்று பட்டன் மாதிரி இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் பட்டன் கீழே மங்கலாகக் கிடந்தது. "அது இல்லக்கா, கீழ அமுக்குங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வராமல் இல்லை. நான் சரியாகச் செய்யவில்லை. அன்று ராத்திரி அந்த இரண்டு படங்களின் நிறத்தையும் இடத்தையும் மாற்றினேன். மறுநாள் அவரே கேட்டு வாங்கி ஆடினார்.

ஆடுகிறவரின் விரல் எங்கே தயங்குகிறது, எப்போது மூச்சை இழுக்கிறார், எந்த இடத்தில் ஃபோனைக் கீழே வைக்கிறார் என்று பார்த்து எழுது. "நல்லாருக்கா?" என்று கேட்காதே, உன் மேல் உள்ள பிரியத்தில் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். கூகுள் பிளேயில் புதிதாகத் தனியாள் கணக்குத் தொடங்குகிறவர், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்தபிறகுதான் கேமை எல்லோருக்கும் வெளியிட அனுமதி கேட்க முடியும். அதை ஒரு தொல்லையாக நினைக்காமல் உன் தெருவிலேயே பன்னிரண்டு பேரைப் பிடி. ஒருவர் உன் பெரியம்மாவாக இருக்கட்டும்.

8. தமிழில் எழுத்து வை. நம் ஊர்ச் சத்தத்தை வை.

பல என்ஜின்களில் தமிழைக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். கோடோட் 2023இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து இதை ஒழுங்காகக் கையாள்கிறது. எந்த என்ஜினாக இருந்தாலும் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் முதல் நாளே திரையில் போட்டுப் பார்த்துவிடு. சத்தத்துக்கு சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டாதே. அது அடுத்தவர் உழைப்பு. ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போ. பரங்குன்றம் கோயில் மணி, கேட்டில் ரயில் கடக்கும் ஓசை, பரோட்டாக் கல்லில் கொத்தும் தாளம் எல்லாம் உனக்காகத்தான் இருக்கின்றன. புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு 2020இல் வெளியிட்ட 'ராஜி'யில் கதைக் காட்சிகளை நிழல்பாவைக் கூத்து போல அமைத்தார்கள். இணையத்தில் மக்களிடம் நிதி கேட்ட முயற்சி தோற்றபிறகும் விடாமல் முடித்தார்கள். அவரவர் மண்ணில் இருந்ததை எடுத்ததால் அது வேறெந்த கேம் போலவும் இல்லை.

9. வரைகிறவரையும் இசைக்கிறவரையும் மதி.

கோடு எழுதத் தெரிந்தவன்தான் பெரியவன் என்ற நினைப்பு நம் கல்லூரிகளில் உண்டு. அதை விட்டுவிடு. வேறு துறையில் படம் வரைகிற ஒரு தங்கச்சி இருப்பாள், கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி இருப்பான். தேடிப் போய்ச் சேர். எல்லோர் பெயரையும் கேமின் கடைசித் திரையில் போடு. யார் எதைச் செய்தார்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள். நட்பு கெடாமல் இருக்கும்.

10. சூதாட்டத்துக்குக் கோடு எழுதாதே.

பணம் வைத்து ஆடும் ஆப்பில் கடனாகி உயிரை விட்டவர்களின் செய்தியை நம் மாவட்டத்திலும் படித்திருக்கிறோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போடுகிறது. சட்டத்துக்கு அப்பாலும் இதை யோசி. ஓர் ஆளை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்கும் வித்தை உன் கையில் இருக்கிறது. அவர் வீட்டில் நாளைக்கு அரிசி வாங்க வைத்திருக்கும் காசை அந்த வித்தையால் எடுக்காதே. சம்பளம் எவ்வளவு தந்தாலும் வேண்டாம்.

11. அரியர் வைக்காதே, வீட்டில் மறைக்காதே.

பெங்களூரில் 1997இல் துருவா இன்டராக்டிவ் தொடங்கியபோது இந்தியாவில் இப்படியொரு தொழில் உண்டு என்று அநேகம் பேருக்குத் தெரியாது. 2019இல் ராக்ஸ்டார் என்ற கேம் நிறுவனம் அதை வாங்கியது. இன்று புனே, மும்பை, ஹைதராபாத் என்று பல ஊர்களில் உலக நிறுவனங்களின் ஸ்டூடியோக்கள் உள்ளன. ஆனாலும் படிப்பை முடித்த உடனே வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சில மாதம் வேறு சாஃப்ட்வேர் வேலை பார்க்க வேண்டி வரலாம். அதில் தப்பே இல்லை. டிகிரி கையில் இருந்தால் அப்பா அம்மாவுக்குப் பயம் குறையும். "எந்நேரமும் கேம்தான்" என்று அவர்கள் திட்டினால் கோபப்படாதே. நீ செய்ததை அவர்கள் கையில் கொடுத்து ஆடச் சொல். என் அப்பா என் ஆடுபுலியில் என்னைத் தோற்கடித்த அன்றைக்குத்தான், நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

இதில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டாம். ஒன்றாவதைச் செய், ஏழாவதை மறக்காதே. ஆட்டம் கையில் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நான் எதுவும் கேட்க மாட்டேன், நீயும் எதுவும் சொல்லாதே. புலியை நீ எடுத்துக்கொள். அப்பத்தா மாதிரி நான் ஆட்டை இறக்குகிறேன்.