தசைகளின் மூவகை

மனித தேகத்திலுள்ள தசைகள் மூவகைப்படும். எலும்புகளுடன் பிணைந்து, இச்சைப்படி இயங்குபவை முதல் வகை. இவை 600-க்கு மேற்பட்டவை. மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் இவற்றாலேயே. இரைப்பை, குடல், இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் சுவர்களிலுள்ளவை இரண்டாம் வகை. இவை ஏவலுக்குக் காத்திராமல் மெதுவாகச் சுருங்கி விரிவன. மூன்றாம் வகை இருதயத்தில் மட்டுமே உண்டு. உறக்கத்திலும் நில்லாது, நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 தடவை அது துடிக்கிறது.

கைகால் தசையில் நேரும் சிறு காயம் ஆறிப் புதுத்தசை வளரும். இருதயத் தசையோ, இரத்தம் கிட்டாமல் மடிந்தால், அவ்விடத்தில் தழும்பே எஞ்சும். ஆதலால், மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டு, வலி இடது கைக்குப் பரவுமாயின், வாயுப்பிடிப்பென்று தைலந் தேய்த்துக் காலங் கடத்தாமல், அக்கணமே ஆஸ்பத்திரியை நாடுதல் வேண்டும்.