ஒரு குரல் பலவான விதம்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

கலைக்கும் அறிவியலுக்கும் இடையே ஒரு மதில் இருப்பதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பாடுபவர் கருவியை அறிய வேண்டியதில்லை. கருவியைப் படிப்பவருக்குப் பாட்டு வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். என்னுள் இருந்த அந்த மதிலை இடித்தது ஓர் ஆங்கில இசைத்தொகுப்பு.

சென்ற பருவத்தில் ஒலியியல் பாடம் நடந்தபோது, எங்கள் பேராசிரியர் ஒரு பாடலை வகுப்பில் ஒலிக்கச் செய்து, "இதில் எத்தனை பேர் பாடுகிறார்கள்?" என்று கேட்டார். நான்கு பேர் என்றாள் தோழி ஒருத்தி. நான் ஆறு என்றேன். "ஒருவர்தான்" என்றார் பேராசிரியர். அந்த ஒருவரைப் பற்றியும், அவரால் நான் கற்ற பாடத்தைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடகியும் பொறியாளரும்

இமொஜென் ஹீப் 1977ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பியானோ பயின்றார். விடுதிப் பள்ளியில் படித்த நாட்களில், அட்டாரி கணிப்பொறியில் ஒலிகளைப் பதிந்து, வெட்டி, இணைக்கும் கலையைத் தாமே முயன்று கற்றார். அவருடைய முதல் தொகுப்பான 'ஐமெகாஃபோன்' 1998இல் வெளிவந்தது. தம் பெயரின் ஆங்கில எழுத்துகளையே இடம் மாற்றி அடுக்கி அவர் ஆக்கிய தலைப்பு அது. அதனை வெளியிட்ட நிறுவனம் பின்னர் கைமாறியது. அவர் ஒப்பந்தமின்றி நின்றார். 2002இல் கை சிக்ஸ்வொர்த் என்பவருடன் சேர்ந்து, 'ஃப்ரூ ஃப்ரூ' என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார்.

அதன்பின் அவர் எடுத்த முடிவே நாம் கருதத்தக்கது. எந்த நிறுவனத்தையும் நாடாமல், தம் குடியிருப்பை அடமானம் வைத்துப் பணம் திரட்டினார். பாடல் எழுதுதல், இசை அமைத்தல், பாடுதல், ஒலிப்பதிவு செய்தல் ஆகிய பணிகளைத் தாமே ஏற்றார். ஒரு பாடலில் ஜெஃப் பெக் என்ற புகழ்பெற்ற கலைஞர் கிதார் வாசித்தார். மற்றபடி உழைப்பின் பெரும்பகுதி ஹீப்புடையதே. 'ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்' என்ற அத்தொகுப்பு, 12 பாடல்களுடன், அவர் சொந்தமாகத் தொடங்கிய 'மெகாஃபோனிக்' நிறுவனத்தின் வழியே 2005 ஜூலையில் வெளிவந்தது. 'உனக்காக நீயே பேசு' என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். மின்னணுக் கருவிகளால் ஒலியை ஆக்கி மெல்லிசையோடு பிணைக்கும் 'எலெக்ட்ரோபாப்' என்னும் வகையைச் சேர்ந்தது அது.

அடமானம் என்ற சொல்லின் எடை எங்கள் வீட்டிற்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதிச் செலவுக்காக வங்கிக்குச் சென்ற அம்மாவின் தோடு இன்னும் திரும்பவில்லை. ஆகவே ஹீப்பின் துணிவை வெறும் துணிவென்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அடகு வைக்க ஒரு வீடு அவருக்கு இருந்தது. வைத்தபின் வீண் போகாதபடி காத்தது எது என்பதே என் கேள்வி.

கணிப்பொறி நின்ற நாள்

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் கணிப்பொறி பழுதடைந்து நின்றது. அவர் கையருகே எஞ்சியவை ஒரு விசைப்பலகை, ஒரு ஹார்மனைசர், நான்கு தடங்களில் ஒலி பதியும் ஒரு மினிடிஸ்க் கருவி. அவற்றைக் கொண்டே பாடத் தொடங்கினார். தாளமோ வேறு பக்கவாத்தியமோ இன்றி, ஏறத்தாழ நான்கேகால் நிமிடம் ஓடும் 'ஹைட் அண்டு சீக்' என்ற பாடல் அவ்வாறே பிறந்தது. எங்கள் வகுப்பில் ஒலித்தது இப்பாடல்தான்.

இதன் இயற்பியல் எளிது. ஒருவர் 220 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் பாடுவதாகக் கொள்வோம். மேற்கத்திய இசையில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த அரைச்சுரத்திற்குச் செல்ல அலைவெண்ணை ஏறத்தாழ 1.0595ஆல் பெருக்க வேண்டும். 12 முறை பெருக்கினால் இருமடங்காகி மேல்தாயி வரும். நான்கு முறை பெருக்கினால் 277, ஏழு முறை பெருக்கினால் 330. இம்மூன்றும் ஒருங்கே ஒலித்தால் செவிக்கு இனிய சுரக்கூட்டு உண்டாகும். விசைப்பலகையில் எந்தக் கட்டைகளை அழுத்துகிறோமோ, அந்தச் சுரங்களுக்குப் பாடுபவரின் குரலை ஹார்மனைசர் உடனுக்குடன் மாற்றித் தருகிறது. ஒலிநாடாவை விரைவாக ஓட்டினாலும் சுருதி உயரும். ஆனால் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும். மின்னணுக் கருவியோ ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கிக் கால அளவைக் காக்கிறது.

அப்பாடல் 2005இல் 'தி ஓ.சி.' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்துப் பரவியது. 2009இல் ஜேசன் டெருலோ அதன் ஒரு பகுதியை எடுத்தாண்ட பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதை எழுதியோர் வரிசையில் ஹீப்பின் பெயரும் உண்டு. அடுத்த தொகுப்பான 'எல்லிப்ஸ்'சுக்காக 2010இல் அவர் பெற்ற கிராமி விருது, பாடியதற்கானது அன்று, ஒலிப்பதிவுப் பொறியியலுக்கானது.

நான் திருத்திய பிழை

கொத்தனாரான என் அப்பாவின் ரசமட்டம் ஒருமுறை உடைந்துபோனது. கண்ணாடிபோன்ற நெகிழிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் நீர்மட்டம் பார்த்துச் சுவரை எழுப்பினார். "தண்ணி பொய் சொல்லாதும்மா" என்றார். கருவியை அறிந்தவருக்கு ஒரு கருவி போனால் வேலை நிற்பதில்லை.

ஆனால் நான் என்ன செய்தேன்? முதலாண்டில் சுரமானிச் சோதனையில் 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்துக் கணக்கிட்டபோது எனக்கு 229 வந்தது. காரணம் தேடவில்லை. அக்கா ஒருவரின் குறிப்பேட்டைப் பார்த்து 256க்குப் பொருந்தும் அளவுகளை எழுதி, மதிப்பெண்ணும் பெற்றேன்.

அந்தப் பாடலைக் கேட்ட வாரத்தில், பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லி, சுரமானியை மீண்டும் எடுத்தேன். கம்பியின்மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும்வரை நீளத்தைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. நான் கணக்கில் கொண்டது இரண்டு கிலோ எடையை மட்டுமே; எடையைத் தாங்கும் கொக்கியின் அரைக் கிலோவை மறந்திருந்தேன். இழுவிசையைத் திருத்தியதும் 229 என்பது 256 ஆயிற்று.

பேராசிரியர் மதிப்பெண்ணை மாற்றவில்லை; பழைய பக்கத்தைக் கிழிக்கவும் விடவில்லை. இரண்டும் இப்போது அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. இனிச் சுரமானிச் சோதனை செய்யவிருக்கும் தம்பி தங்கையர் என் குறிப்பேட்டைக் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவேன். அளவுகளைப் பார்த்து எழுத அன்று, பிழை எங்கே இருந்தது என்று பார்க்க.