மெயிலை ஒதுக்கியது இயந்திரமா, நம் கையா?

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையில் இன்பிளான்ட் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். பதிலே இல்லை. பத்து நாள் கழித்து ஸ்பேம் பெட்டியைத் திறந்தால் நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கே கிடக்கிறது. தேர்வு நாளோ முடிந்துபோச்சு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "லெட்டர் வந்துச்சா?" என்று தினமும் கேட்ட அப்பாவிடம், "கம்ப்யூட்டர் ஒளிச்சு வச்சிருச்சு" என்று சொல்லிவிட்டேன். அது சரிதானா என்று பிறகுதான் ஆராய்ந்தேன்.

இயந்திரம் செய்வது:

1978-ல் அமெரிக்காவின் அர்பாநெட்டில் ஒரே விளம்பரம் சுமார் 400 பேருக்குப் போனது. அதுவே முதல் ஸ்பேம் என்பார்கள். 2002-ல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின், நாம் கணக்குப் பாடத்தில் படிக்கும் பேயஸ் தேற்றம் இந்த வேலையில் பரவலாயிற்று. பழைய நல்ல மெயில்களிலும் ஸ்பேம்களிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புது மெயில் ஸ்பேமாக இருக்கும் நிகழ்தகவைக் கணிப்பார்கள். இன்றைய வடிகட்டிகள் அனுப்புகிற சர்வர், லிங்க் இவற்றையும் சோதிக்கும். நாம் எதையும் தொட வேண்டியதில்லை.

நம் கை செய்வது (ஜிமெயிலில்):

1. டெலீட்: அந்த ஒரு மெயில் மட்டும் ட்ராஷுக்குப் போகும். அடுத்து வருவது தடைபடாது.
2. ரிப்போர்ட் ஸ்பேம்: மெயில் ஸ்பேமுக்குப் போகும், வடிகட்டியும் அதிலிருந்து பாடம் கற்கும்.
3. பிளாக்: அந்த முகவரியிலிருந்து இனி வருவதெல்லாம் ஸ்பேமுக்கே போகும்.
4. ஃபில்டர்: நாம் எழுதி வைத்த விதிப்படி நடக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெயில் ட்ராஷில் கிடந்தால் ஸ்பேம் வடிகட்டியைத் திட்டாதீர்கள். அது ட்ராஷுக்கு அனுப்புவதில்லை. நாம் அழித்திருப்போம், அல்லது நம் ஃபில்டர் அழித்திருக்கும். ஸ்பேமில் கிடந்தால் திறந்து பாருங்கள், மேலே காரணம் எழுதியிருக்கும். அடுத்து செட்டிங்ஸில் ஃபில்டர், பிளாக் பட்டியலைப் பாருங்கள். அதில் முகவரி இல்லை, நாமும் ரிப்போர்ட் செய்யவில்லை என்றால் அநேகமாக இயந்திரத்தின் முடிவுதான். 'நாட் ஸ்பேம்' அழுத்தினால் மெயில் இன்பாக்ஸுக்குத் திரும்பும்.

என் பட்டியலில் அந்தத் தொழிற்சாலை முகவரி இருந்தது! முதலாண்டில் அவர்கள் அனுப்பிய அறிவிப்புகள் தொல்லை என்று நானேதான் பிளாக் செய்திருக்கிறேன். அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "அடுத்த தடவை பாத்து அமுக்குடா" என்றார்.

ஸ்பேமும் ட்ராஷும் 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஆகவே நண்பர்களே, வேலைக்கு மனுப் போட்டிருக்கும் நாட்களில் இரண்டையும் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.